சதை வைக்காத மாஸ்டரும் சதை தேடி வந்தவர்களும்

உடம்பு வளர்த்துக் கொடுக்கிற தொழிலுக்கு வருகிறவன் ஒல்லியாகப் பிறந்திருக்கக் கூடாது. பிறந்தும் வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நானே சாட்சி.

மருதனார்மடம் சந்தையிலிருந்து கொஞ்சம் தள்ளி, ஓர் இரும்புக் கடையின் மேல்மாடியில் என்னுடைய ஜிம் இருக்கிறது. காலையில் பெண்கள், பின்னேரம் ஆண்கள். வயிற்றைக் குறைக்க வருகிறவர்களும் உண்டு. அவர்களோடு ஊர் மரியாதையாகத்தான் கதைக்கும். மெலிந்தவனிடம்தான் எதையும் கேட்கலாம் என்று நினைக்கும். "என்ன, வீட்டிலை சமைக்கிறேல்லையோ?" என்று நடுச்சந்தியில் கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டு போகும். அதனால்தான் வாசலில், 'மெலிந்தவர்களுக்குத் தனிப் பயிற்சி' என்று ஒரு பலகை எழுதி மாட்டினேன். அன்று தொடங்கி நம் கூட்டம் படியேறி வந்துகொண்டே இருக்கிறது.

கை மணிக்கூட்டுப் பட்டிக்குக் கூடுதலாக ஓர் ஓட்டை போடுவித்தவர்களே, கல்யாணப் பந்தியில் "உவருக்கு இன்னும் கொஞ்சம் வையுங்கோ" என்று எல்லோராலும் விரல் நீட்டிக் காட்டப்பட்டவர்களே, காற்று அடித்தால் பறந்துவிடுவாய் என்ற பகிடியை ஒவ்வொரு வருடமும் புதிதாகக் கேட்பதுபோல் கேட்டுச் சிரித்தவர்களே, இது உங்களுக்காக.

ஒளித்துக் கிடக்கும் பலம்

ஜிம் திறந்த புதிது. பண்டத்தரிப்பிலிருந்து ஒரு தோட்டக்கார ஐயா மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். மகன் என்னைப் போலவே நெட்டையாக, மெலிவாக, கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றான். அந்த நேரம் பார்த்து, கீழ்க்கடையில் சீமெந்து மூட்டை இறக்கும் செல்வம் தண்ணீர் குடிக்க மேலே வந்திருந்தான். செல்வத்தின் தோள் கதவை அடைத்துக்கொண்டு நிற்கும். ஐயா நேரே அவனிடம் போய்க் கும்பிட்டு, "மாஸ்டர், எனக்கு இருக்கிறது இவன் ஒருத்தன்தான். ஒரு மாதிரி ஆளாக்கி விடுங்கோ" என்றார். செல்வத்துக்கு வாய் நிறையத் தண்ணீர். பதில் சொல்ல முடியாமல் விரலால் என்னைக் காட்டினான். ஐயா திரும்பி என்னை இரக்கத்தோடு பார்த்தார். "ஓ, இவரும் சேர வந்தவரோ? நல்லது, ரெண்டு பேரும் சேர்ந்து படியுங்கோ."

நான்தான் மாஸ்டர் என்று வாயால் சொல்லி அவரை நம்பவைக்க முடியவில்லை. கம்பியின் இரண்டு பக்கமும் தட்டுகளைப் போட்டு, நிலத்திலிருந்து இடுப்பு மட்டும் தூக்கி, மெல்ல இறக்கி வைத்தேன். ஐயா குனிந்து அதன் ஒரு பக்கத்தைத் தூக்கிப் பார்த்தார், அசையவில்லை. பிறகு மாடு வாங்க வந்தவர்போல என்னை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். முதுகைத் தட்டினார். கையை அமத்திப் பார்த்தார். மகனை என்னிடம் விட்டுவிட்டுத்தான் போனார். ஆனால் படியில் இறங்கும்போது சந்தேகம் தீராமல் திரும்பி நின்று கேட்டார்:

"தூக்கிறீர் தம்பி, அதை நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனால் இவ்வளவு பலமும் உந்த உடம்பிலை எங்கை ஒளிச்சுக் கிடக்கு?"

நல்லாச் சாப்பிடுகிறவர்

"நான் நல்லாச் சாப்பிடுறனான் மாஸ்டர். உடம்பிலை ஒட்டுதில்லை." இந்த வசனத்தைச் சொல்லாமல் நம் கூட்டத்தில் ஒருவரும் என்னிடம் சேர்ந்ததில்லை. நானும் பல வருடம் இதையே சொல்லிக்கொண்டு திரிந்தவன்தான். வங்கியில் வேலை செய்யும் காண்டீபனும் அதையே சொன்னார். "நேற்று என்ன சாப்பிட்டனீங்கள்?" என்று கேட்டேன். யோசித்தார். காலையில் வெறும் தேத்தண்ணீர். மத்தியானம் வங்கியில் சனம் கூடுதலாக இருந்ததால் சாப்பாடு பின்னேரம் ஆகிவிட்டது. அதிலும் பாதியை வீட்டுக்குத் திரும்பக் கொண்டுபோய்விட்டார். இரவு இடியப்பம் கொஞ்சம். "நேற்று ஒரு மாதிரியான நாள் மாஸ்டர்" என்றார். முந்தநாள்? அதுவும் ஒரு மாதிரியான நாள்தானாம். "அப்ப நல்லாச் சாப்பிட்டது எப்ப?" என்று கேட்டதும் முகம் மலர்ந்தது. போன மாதம் கூட வேலை செய்கிறவரின் வீட்டுக் குடிபுகுதல். வடை, பாயாசம், மோர்மிளகாய் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். பக்கத்து இலைக்காரர் என்ன சொன்னார் என்பதும் ஞாபகம் இருந்தது.

மெலிந்தவர்களின் ஞாபகசக்தி இப்படித்தான். வயிறு முட்டச் சாப்பிட்ட ஒரு நாளை மாதக் கணக்கில் நினைவில் வைத்திருப்போம். சாப்பிடாமல் விட்ட நாட்களை அன்றே மறந்துவிடுவோம். காலையில் பாண் அல்லது புட்டு, இடையில் கச்சான் கடலையும் கதலிப்பழமும், மத்தியானச் சோறு மத்தியானத்திலேயே என்று சொல்லி அனுப்பினேன். அடுத்த கிழமை, என்ன சமைப்பதென்று விபரமாகக் கேட்டுப்போக அவருடைய மனைவியும் கூட வந்தார். "இவர் நல்லாச் சாப்பிடுறவர் எண்டல்லோ முதல் நாள் சொன்னவர்" என்றேன். அந்தத் தங்கச்சி கணவனை ஒருதரம் பார்த்துவிட்டு, சிரிக்காமல் சொன்னார்:

"அது பொய்யில்லை மாஸ்டர். நல்லாத்தான் சாப்பிடுவார். மற்ற ஆக்களின்ரை வீட்டிலை."

முட்டை

பாலமுருகன் வீட்டில் மச்சம் மாமிசம் கிடையாது. முட்டையும் கிடையாது. ஆனால் பெடியன் எங்கேயோ பார்த்துவிட்டு வந்து முட்டைதான் வேண்டும் என்று நின்றான். வீட்டில் அவிக்க முடியாது. ஆகவே ஜிம்மின் மூலையிலுள்ள மின்சாரக் கேத்தலில் அவித்தான். அதற்குப் பிறகு அந்தக் கேத்தலில் தேத்தண்ணீர் போட ஒருவரும் முன்வரவில்லை.

ஒரு சனிக்கிழமை, அவனுடைய அம்மா ஆஞ்சநேயர் கோயிலில் கும்பிட்டுவிட்டு, நெற்றி நிறைய விபூதியும் கையில் குடையுமாக நேரே படியேறி வந்துவிட்டார். பாலமுருகன் அந்த நேரம் முட்டைக் கோதை உரித்துக்கொண்டிருந்தான். பாரம் தூக்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் சத்தமில்லாமல் கீழே வைத்தார்கள். குடை முதலில் என் பக்கம்தான் நீண்டது. "உதிலை அப்பிடி என்ன கிடக்கு?" "புரதம் அம்மா." "பயறிலை இல்லையோ? உழுந்திலை இல்லையோ? தயிரிலை இல்லையோ?" "இருக்கம்மா. ஆனால் கூடச் சாப்பிட வேணும்." "கூட எண்டால் எவ்வளவு?" நான் கையால் ஒரு கோப்பை அளவு காட்டினேன். அவர் என் கையைப் பார்த்து மனதுக்குள் அதை இரண்டு மடங்காக்கியிருக்க வேண்டும்.

அடுத்த நாளே ஜிம்முக்கு அடுக்குச் சட்டி வரத் தொடங்கியது. நல்லெண்ணெய் மிதக்கும் உழுத்தங்களி, தேங்காய்ப்பூப் போட்ட அவித்த பயறு, எள்ளுருண்டை, கட்டித் தயிர். அதை முடிக்காமல் அவன் வீட்டுக்குத் திரும்பக் கூடாது என்பது அம்மாவின் கட்டளை. தொலைபேசியில் என்னிடம் கேட்டு உறுதிப்படுத்துவார். "மாஸ்டர், கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கோ, மூச்சு முட்டுது" என்று பாலமுருகன் என்னிடம் கெஞ்சினான். ஆனால் ஆறேழு மாதத்தில் அவனுடைய சட்டைக் கை இறுகிப்போனது. தூக்கும் பாரமும் கூடிவிட்டது. ஒருநாள் அம்மாவைச் சந்தையில் கண்டபோது, "முட்டை எண்டால் உங்களுக்கு இவ்வளவு கரைச்சல் இருந்திராதே அம்மா" என்றேன். அவர் கத்தரிக்காய் பொறுக்குவதை நிறுத்தாமலே சொன்னார்:

"முட்டை கோழிக்குஞ்சை வளர்க்கத்தான் தம்பி. என்ரை பிள்ளையை நான் வளர்ப்பன்."

பவுடர்

வெளிநாட்டிலிருந்து மாமா அனுப்பிய பெரிய தகரப் பேணி ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஒருவர் வந்தார். உடம்பு வைக்கிற பவுடராம். இதைக் குடிக்கலாமா என்று கேட்டார். சாப்பாட்டைச் சரியாகச் சாப்பிடுங்கள், குறைந்தால் பார்ப்போம் என்றேன். பேணியை வீட்டு அலுமாரியில் வைத்துவிட்டார். ஒரு கிழமை கழித்துத் திறந்தால் கால்வாசிதான் இருந்தது. வீட்டில் அம்மா அதைப் புதுவகைப் பால்மா என்று நினைத்து, வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்திருக்கிறார். மீதியைக் காட்ட வந்தவரிடம், குடித்தவர்களுக்கு ஒன்றும் செய்யவில்லையே என்று பயத்தோடு கேட்டேன்.

"ஒண்டும் இல்லை மாஸ்டர். பெரியப்பா மட்டும் தன்ரை கை இரும்பாப் போச்சுதெண்டு சொல்லி, காணிற ஆக்களையெல்லாம் மல்லுக்கட்டக் கூப்பிடுறார்."

முகத்துக்கு மட்டும்

தவராசா மயிலிட்டிக்காரர், கடற்தொழிலாளி. வலை இழுத்து இழுத்துக் கையும் முதுகும் கயிறு திரித்ததுபோல் இருக்கும். அவருக்குப் பலம் தேவையில்லை. என்னிலும் பார்க்கக் கூட வைத்திருக்கிறார். பிறகு ஏன் வந்தார்? கனடாவில் இருக்கும் மாமி ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் அழைப்பார். அழைத்தவுடன் மருமகனின் ஒட்டிய கன்னத்தைப் பார்ப்பார். பார்த்துவிட்டு, "பிள்ளை, நீ அவருக்கு ஒழுங்காச் சமைச்சுக் குடுக்கிறேல்லையோ?" என்று மகளை ஏசுவார். மகள் அழுவாள். "அவ நல்லாத்தான் மாஸ்டர் சமைக்கிறவ. என்ரை முகத்தாலை அவவுக்குக் கெட்ட பேர். எனக்கு வேறை ஒண்டும் வேண்டாம், முகத்திலை மட்டும் கொஞ்சம் சதை வந்தால் காணும்" என்றார். மனைவியின் மானத்துக்காக உடம்பு வைக்க வந்த ஒரே ஆள் அவர்தான்.

சதைக்கு நாம் இடம் ஒதுக்கிக் கொடுக்க முடியாது, அது தனக்கு விருப்பமான இடத்தில்தான் குந்தும் என்று விளங்கப்படுத்தினேன். கடலுக்குப் போகிற நாட்களில் அவர் எவ்வளவு சாப்பிட்டாலும் அலை எடுத்துக்கொண்டு போய்விடும். மாரியில் கடல் கொந்தளித்துப் படகுகள் கரையில் கிடந்த காலம்தான் எங்களுக்கு வாய்த்தது. பின்னேரத்தில் பாரம் தூக்கினார். வீட்டில் மீன்குழம்பும் புட்டும் மூன்று நேரமும் நடந்தது. நித்திரையும் தாராளம். காற்று அடங்குவதற்குள் தோள் பரந்து, கன்னமும் நிரம்பிவிட்டது. "இந்த ஞாயிறு பாருங்கோ மாஸ்டர்" என்று சவரம் செய்து, தலை வாரி, வெளிச்சமான இடமாகப் பார்த்துக் கதிரையைப் போட்டு இருந்தாராம். திங்கட்கிழமை வந்து, மாமி சொன்னதை அப்படியே அவருடைய குரலிலேயே சொல்லிக் காட்டினார்:

"என்ன தம்பி, முகமெல்லாம் வீங்கிக் கிடக்கு? பிள்ளை, இவருக்கு நோய் வருத்தம் எண்டு ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

கதவைச் சாத்திய நாள்

இந்த ஒன்றில் சிரிப்பு இல்லை. நிரோசனுக்கு இருபது வயதிருக்கும். ஒல்லி. சேர்ந்த முதல் மாதம் கொஞ்சம் ஏறினான். பிறகு இறங்கத் தொடங்கினான். சாப்பாடு குறையவில்லை, முன்னையிலும் பார்க்கக் கூடத்தான் சாப்பிட்டான். ஆனால் தராசில் ஒவ்வொரு கிழமையும் குறைந்துகொண்டே போனான். நம் உடம்பு ஏறுவதற்கு அடம்பிடிக்கும், தெரியும். ஆனால் இப்படி ஓடி இறங்காது. கவனித்துப் பார்த்தேன். பெரிய போத்தல் தண்ணீரைக் குடித்துவிட்டு உடனேயே இன்னொன்றை நிரப்பினான். ஒரு பயிற்சிக்கும் மறு பயிற்சிக்கும் இடையில் கழிப்பறைக்கு ஓடினான். நேற்றுத் தூக்கிய பாரத்தை இன்று தூக்க முடியாமல் சுவரில் சாய்ந்து நின்றான். "இரத்தம் சோதிச்சுப் போட்டு வா. அதுவரைக்கும் உனக்கு இங்கை கதவு திறக்க மாட்டன்" என்றேன். மெலிவு என்பதற்காகத் துரத்துகிறேன் என்று நினைத்து அவன் கண் கலங்கிப் போனான்.

பின்னேரம் தகப்பன் அவனையும் இழுத்துக்கொண்டு வந்தார். "உம்மாலை ஏலாட்டி ஏலாதெண்டு சொல்லும். என்ரை பிள்ளைக்கு வருத்தமெண்டு ஏன் ஊருக்குக் கதை கட்டுறீர்?" என்று சந்தி முழுக்கக் கேட்கக் கத்தினார். ஒருவேளை பிழையாகச் சொல்லிவிட்டேனோ என்ற பயம் எனக்கும் இருந்தது. ஆனாலும் மோட்டார் சைக்கிளை எடுத்து, "ஐயா, ஏசுறதை வழியிலை ஏசுங்கோ. இப்ப மூண்டு பேரும் போவம்" என்றேன். நிரோசன் என் பின்சீட்டில் ஏற, அவர் தன் சைக்கிளில் பின்னால் வந்தார். ஆஸ்பத்திரியில் விரலில் ஊசி குத்திப் பார்த்த தாதி, உடனே உள்ளே ஓடினார். இரத்தத்தில் சீனி அளவுக்கு மீறி ஏறிக் கிடந்தது. அன்றே வாட்டில் சேர்த்து மறித்துவிட்டார்கள். இன்னும் சுணங்கியிருந்தால் மயங்கி விழுந்திருப்பான் என்று வைத்தியர் சொன்னார்.

இன்சுலின் போடத் தொடங்கியதும் பிள்ளை தெளிந்தான். இப்போது ஊசியையும் நேரத்தையும் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டு, வைத்தியரைக் கேட்டுத் திரும்பவும் பாரம் தூக்குகிறான், உடம்பும் ஏறியிருக்கிறது. அவன் வாட்டை விட்டு வந்த நாள் ஜிம் வாசலில் வந்து நின்ற தகப்பன், என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"மாஸ்டர், அண்டைக்கு உம்மை ஏசேக்கை சந்தி முழுக்கக் கேட்டது. இண்டைக்கு நன்றி சொல்ல வெளிக்கிட்டால் எனக்குச் சத்தம் வருகுதில்லை."

சிலிண்டர்

வாசுகி கணிதம் படிப்பிக்கும் ஆசிரியை. பெண் பார்க்க வந்த ஒரு மாப்பிள்ளைப் பகுதி, "பிள்ளை படிச்ச பிள்ளைதான், ஆனால் சரியான மெலிவு" என்று தரகர் மூலம் சொல்லி அனுப்பிவிட்டது. அடுத்த கிழமை அவர் இங்கே வந்து சேர்ந்தார். "கலியாணத்துக்காக வரேல்லை மாஸ்டர். நாலாம் மாடிக்குப் புத்தகக் கட்டைத் தூக்கிக்கொண்டு ஏற மூச்சு வாங்குது, அதுக்குத்தான் வந்தனான்" என்று முதல் நாளே சொன்னார். நான் நம்பினேன், ஏனென்றால் கண்ணாடிப் பக்கம் அவர் திரும்பியதே இல்லை. எவ்வளவு தூக்கினோம், அடுத்த கிழமை எவ்வளவு என்பதில்தான் கண். முதலில் வெறும் கம்பி. அதிலேயே கால் நடுங்கியது. பெண்களின் நேரத்தில் மற்ற அக்காமார் எல்லாம் கதைத்துக்கொண்டு நிற்க, அவர் ஒரு மூலையில் பல்லைக் கடித்துக்கொண்டு தட்டுக்கு மேல் தட்டு ஏற்றினார். ஒரு வருடத்தில் உடம்பும் தேறியது, முதுகும் நிமிர்ந்தது.

பள்ளிக்கூட விழாவில் அவரைக் கண்ட அதே மாப்பிள்ளை வீட்டார், திரும்பவும் தட்டத்தோடு வந்துவிட்டார்கள். மாப்பிள்ளையின் தாய், "இப்ப பிள்ளை நல்ல வடிவா வந்திட்டா, இனி எங்களுக்கு ஒரு குறையும் இல்லை" என்றாராம். அந்த நேரம் பார்த்து வாசலில் காஸ் சிலிண்டர் வந்து இறங்கியிருக்கிறது. வாசுகி எழுந்து போய், நிறைந்த சிலிண்டரைத் தனியாகத் தூக்கி, வந்திருந்தவர்கள் முன்னால் நடந்து குசினியில் வைத்துவிட்டு, வெறும் சிலிண்டரோடு திரும்பி வந்தார். அடுத்த நாள் காலை ஜிம்மில் எல்லா அக்காமாரும் வேலையை விட்டுவிட்டுச் சுற்றி நிற்க, மாப்பிள்ளையின் தாயிடம் தான் கேட்டதை ஒரு சொல்லும் மாற்றாமல் சொன்னார்:

"'எனக்கு இப்ப உடம்பு காணும், குறையில்லை எண்டு சொன்னது சந்தோசம் மாமி. உங்கடை மகனுக்குக் காணுமோ எண்டு பாக்க வேணும். இந்த வெறும் சிலிண்டரை ஒருக்கா வாசலிலை கொண்டுபோய் வைக்கச் சொல்லுங்கோ' எண்டனான்."

தையற்கடையில்

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். இவ்வளவு வருடமாகத் தூக்கியும், சட்டை போட்டுக்கொண்டு நடந்தால் நான் இப்போதும் பழைய ஒல்லிதான். ஏறியது எல்லாம் மெல்ல மெல்ல ஏறியது. பக்கத்தில் இருந்தவர்களுக்கு அது கண்ணில் படவேயில்லை. போன தைப்பொங்கலுக்குச் சட்டை தைக்க, பள்ளிக்கூடக் காலத்திலிருந்து எனக்குத் தைக்கும் இராசண்ணையிடம் போனேன். பழைய அளவிலேயே தைத்துவிடட்டோ என்றார். இல்லை, புதிதாக எடுங்கள் என்றேன். நெஞ்சைச் சுற்றி டேப்பைப் பிடித்தார். பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பப் பார்த்தார். எனக்குள் ஒரு சந்தோசம் பொங்கி வந்தது. இத்தனை வருடத்துக்கும் ஒருவர் வாயால் ஒரு நல்ல சொல் கேட்கப்போகிறேன் என்று மூச்சைக்கூட விடாமல் நின்றேன். இராசண்ணை டேப்பை உருவி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"கொஞ்சம் நில்லும் மாஸ்டர். இந்த டேப் சுருங்கிப் போச்சுது போலை கிடக்கு, புது டேப் எடுத்துக்கொண்டு வாறன்."

ஆகவே என் சக மெலிவுகளே, உடம்பு வைப்பதற்குச் சோறும் பாரமும் நித்திரையும் போதும். வைத்த உடம்பை ஊரை நம்பவைப்பதற்குத்தான் இதுவரை ஒரு பயிற்சியும் கண்டுபிடிக்கவில்லை.